கயிற்றை யார் இழுப்பது?

அத்தியாயம் 14

பூவம்மா காலையில் எழுந்ததும் முதலில் பார்ப்பது சிலிண்டரின் முள்ளை. அப்புறம்தான் புருஷனின் முகத்தை.

பத்து நாளாக அப்படித்தான். பத்து நாளுக்கு முன் பெய்த மழையில் மூன்று மணி நேரம் கரண்ட் போயிற்று. குணசேகரன் மூச்சு விடுவது கரண்டில் ஓடும் மெஷினால். காற்றிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்து மூக்குக் குழாய்க்கு அனுப்பும், முழங்கால் உயர மெஷின். இருபத்திரண்டு வருஷம் கப்பலிலிருந்து கரி இறக்கிய நுரையீரல் அது இல்லாமல் ஒரு மணி நேரம் தாங்காது. அன்று கைவசம் இருந்த சின்ன சிலிண்டர் இரண்டரை மணி நேரம் வந்தது. மீதி அரை மணி நேரம் எதுவும் இல்லை. தெருவில் இடுப்பளவு தண்ணீர். ஆம்புலன்ஸ் தேரடியோடு நின்றுவிட்டது. கரண்ட் வந்தபோது அவர் உதடு நாவல்பழ நிறத்தில் இருந்தது.

சிலிண்டரை மறுபடி நிரப்பியாயிற்று. பெரிய சிலிண்டர் கேட்டவர்கள் வரிசையில் அவர்கள் பெயர் நாற்பத்தொன்று.

இன்று சாயங்காலம் புயல் கரையைத் தொடும் என்று ரேடியோ சொன்னது.

அவள் வலது கையை மெல்ல உயர்த்திப் பார்த்தாள். தோள் வரை வந்தது. அதற்கு மேல் வரவில்லை. ஐப்பசியில் குளியலறையில் சரிந்த புருஷனைத் தூக்கி நிறுத்தியபோது உள்ளே ஏதோ கிழிந்தது. எடை தூக்கக் கூடாது, ஆபரேஷன் செய்ய வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொன்னார். இது மாடி வீட்டு ரசூல் பீவிக்கு மட்டும் தெரியும். புருஷனுக்குத் தெரியாது. மகனுக்குத் தெரியவே கூடாது.

மகன் செங்குட்டுவன் கப்பல் ஏற இன்னும் பன்னிரண்டு நாள். நான்கு வருஷம் காத்துக் கிடைத்த வேலை. அம்மாவின் கை போயிற்று என்று தெரிந்தால் ஏற மாட்டான்.

"கெளம்புமா," என்றான் செங்குட்டுவன், பைக் சாவியோடு. "கடைக்காரரு ரெண்டு மெஷினு எடுத்து வெச்சிகீறாரு. லேட்டா போனா வேற எவனாவது தூக்கினு போய்டுவான்."

குணசேகரன் கட்டிலிலிருந்து கையசைத்தார். "பாத்து வாங்கு. என் மூச்சிக்கு... வாரண்டி கீதானு கேளு."

*

தேரடி முக்கில் ஜெஸ்வினின் கடை. மோட்டாரும் பம்பும் விற்கிற கடையில் இன்று மெழுகுவர்த்தியும் விற்றார்கள். எட்டு மணிக்கே வாசல் வரை ஆட்கள்.

"வாங்கக்கா," என்றான் ஜெஸ்வின். "தம்பி விவரம் சொல்லிட்டாப்ல. மொதல்ல இன்வெர்ட்டரைச் சொல்லிருதேன். சத்தம் கெடையாது, புகை கெடையாது. அப்பா மெஷின் எத்தனை வாட்?"

"முன்னூத்தம்பது."

"அப்ப ஒரு பேட்டரி மூணு, மூணரை மணி நேரம் ஓட்டும். அதுக்கு மேல பேட்டரிய சார்ஜ் பண்ணணும்லா, அதுக்குக் கரண்ட் வேணும்லா?"

"போன புயலுக்கு ரெண்டு நாள் கரண்ட் இல்ல அண்ணாச்சி," என்றான் செங்குட்டுவன். "இத்த உடு. ஜெனரேட்டர காட்டு."

இரண்டும் பெட்ரோல் ஜெனரேட்டர். ஒன்று சிவப்பு, சூட்கேஸ் அளவு. பட்டனை அழுத்தினால் ஓடும். இன்னொன்று கறுப்பு, அதைவிட இரண்டு மடங்கு. பக்கவாட்டில் கயிறு. கைப்பிடியைப் பிடித்து ஒரே வீச்சில் இழுக்க வேண்டும்.

பூவம்மாவின் கண் சிவப்பின் மேல் இருந்தது. "இது சின்னதா, நல்லாத்தான கீது?"

"அமுக்கிப் பாருங்கக்கா."

அமுக்கினாள். டக் என்றது. மறுபடி அமுக்கினாள். டக். மூன்றாவது முறை இருமிக்கொண்டு ஓடியது.

"ரொம்ப நாளா ஓட்டாம கெடக்கு," என்றான் ஜெஸ்வின். "ராத்திரி முழுக்க பேட்டரிய சார்ஜ்ல போட்டா சரியாயிரும்."

"ராத்திரி ஏது? சாயங்காலம் புயலு."

செங்குட்டுவன் குனிந்து கறுப்பு மெஷினின் பெட்ரோல் குழாயைத் திறந்தான். சோக்கை இழுத்தான். சுவிட்சைப் போட்டான். கைப்பிடியைப் பிடித்து ஒரு சுண்டு சுண்டினான். கடை அதிர்ந்தது. மெழுகுவர்த்தி வாங்க வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"பாத்தியாமா? பேட்டரி இல்ல, ஒயர் இல்ல, ஒண்ணியும் இல்ல. யார்டுல நான் பாக்காத மெஷினா? சும்மா கெடந்த பேட்டரி புயல் அன்னிக்கித்தான் கால வாரும். இது கைய நம்பி ஓடுற மெஷினு."

அவன் துறைமுகத்தில் ரீஃபர் டெக்னீஷியன். இறாலும் மருந்தும் வரும் குளிர்பெட்டி கன்டெய்னர்களுக்குக் கரண்ட் கொடுத்துக் காப்பாற்றுவது வேலை. மெஷின் விஷயத்தில் அவன் வார்த்தைக்கு வீட்டில் மறுவார்த்தை கிடையாது.

ஜெஸ்வின் தலையைச் சொறிந்தான். "அதெல்லாம் சரி தம்பி. வீட்ல யாரு ஸ்டார்ட் பண்ணுவா?"

"நான்தான்."

"நீங்க இல்லாத நேரம்?"

செங்குட்டுவன் சிரித்தான். "எங்கம்மாவ இன்னானு நெனச்சிகினே? இறால் கம்பெனில அறுவது கிலோ ஐஸ் பெட்டிய இஸ்தவங்க. இந்தக் கயிறு அவங்களுக்கு ஜுஜுபி." அம்மாவின் பக்கம் திரும்பினான். "ஒரு தபா இழுத்துக் காட்டுமா. அண்ணாச்சி பாக்கட்டும்."

கைப்பிடி அவளுக்கு நேராகத் தொங்கியது. எல்லாரும் பார்த்தார்கள். மகனின் முகத்தில் பெருமை.

சொல்ல வேண்டிய நேரம் அதுதான். அவளுக்கே தெரிந்தது.

"போடா. நாலு பேரு முன்னால எனக்கு சர்க்கஸ் வேற," என்றாள்.

சிரித்தார்கள். அதற்குள் பின்னால் நின்ற ஒருவர் சிவப்பு மெஷினைத் தொட்டு, "இது யாருக்கும் வேணாம்னா நான் எடுத்துக்கறேன்," என்றார்.

கறுப்பு மெஷினை ஆட்டோவில் ஏற்றினார்கள்.

*

மொட்டை மாடிச் சாவி ரசூல் பீவியிடம் இருக்கும். மூன்றாம் மாடியில் தனியாக இருப்பவள். அறுபது வயது, ஈர்க்குச்சி உடம்பு.

"என் தலை மேல பஸ்ஸு ஓட்டப் போறியாடா?"

"நாலு நாளைக்கி பொறுத்துக்க பீவிக்கா. கீழ வெக்க முடியாது, தண்ணி வரும்."

"மாடிப்படியில வெச்சிக்கயேன், நனையாம இருக்கும்."

செங்குட்டுவன் நின்றான். அவன் குரல் மாறியது. "படியில வெச்சா காலைல இந்த ப்ளாக்ல ஒருத்தரும் எழுந்துக்க மாட்டீங்க. இந்தப் புகையில கீற விஷத்துக்கு வாசன கெடையாது. தூங்குற மாரியே கெடப்பாங்க. மழ வந்தாலும் சரி, இடி வந்தாலும் சரி, இது வெளியதான் இருக்கணும். நீங்க ரெண்டு பேரும் சொல்லுங்க, எங்க இருக்கணும்?"

"வெளிய," என்றார்கள் ரசூல் பீவியும் பூவம்மாவும், பள்ளிக்கூடப் பிள்ளைகள் போல.

தண்ணீர்த் தொட்டியின் சுவர் ஓரமாக மெஷினை வைத்தான். மேலே தகரம், தகரத்தின் மேல் செங்கல், சுற்றிலும் கம்பிக் கட்டு. பக்கங்களைத் திறந்தே விட்டான். தனி ஒயரை ஜன்னல் வழியாக இரண்டாம் மாடியில் தங்கள் வீட்டுக்கு இறக்கினான். வீட்டு லைனோடு சேர்க்கவில்லை. நேராக ஆக்ஸிஜன் மெஷினுக்கு மட்டும். பங்கில் கேனில் பெட்ரோல் தர மாட்டார்கள். பைக் டாங்கை மூன்று தரம் நிரப்பி டியூப் போட்டு இறக்கினான்.

கடைசியாக ஒரு தாளை எடுத்துக் கோடு போட்டு, வீட்டில் கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் ஒட்டினான். நேரம், பெட்ரோல், ஆயில், நைனா ஆக்ஸிஜன் அளவு, இழுத்தவர். யார்டில் குளிர்பெட்டிக்கு எழுதும் தாள் மாதிரியே.

"ஒரு டாங்கு நாலு மணி நேரம் ஓடும். நாலு மணிக்கு ஒரு தபா நிறுத்தணும், ஆற வெக்கணும், ஊத்தணும், இழுக்கணும். ஓடுறப்ப ஊத்துனா நெருப்பு. எழுதி முடிச்சா போட்டோ எடுத்துடணும். எழுதாத பெட்டி கெட்டுப்போன பெட்டினு எங்க சூப்பர்வைசர் ஞானதுரை சொல்வாரு."

"நான் பொட்டியா?" என்றார் குணசேகரன்.

"ஆமா நைனா. நாப்பதடி பொட்டி."

இழுத்தவர் என்ற கட்டத்தில் மேலிருந்து கீழ்வரை தன் பெயரை எழுதினான். செங்கு, செங்கு, செங்கு. எட்டு வரிசை.

அப்போது அவன் போன் அடித்தது.

அவன் ஜன்னல் பக்கம் போனான். "சார்... இல்ல சார், நான் லீவு சொல்லி... வூட்ல நைனாவுக்கு... ம். ம். சரி சார்."

திரும்பியபோது முகம் வெளிறியிருந்தது. "ஒண்ணும் இல்லமா."

"சொல்லு."

"ரீஃபர் ஆளுங்க எல்லாம் ரெண்டு மணிக்குள்ள உள்ள வரணுமாம். அப்பால கேட்ட மூடிடுவாங்க. நாளைக்கி சாயங்காலம் வரைக்கும் வெளிய வர முடியாது. முந்நூறு பெட்டி ஓடிகினு கீது." அவன் உட்கார்ந்தான். "நான் போவல."

"போவலனா?"

"ஞானதுரை கையெழுத்து போட மாட்டாரு. அனுபவ லெட்டர் இல்லாம கப்பல்ல எடுக்க மாட்டாங்க. வுடு. வேற கப்பல் வராதா?"

வராது. நான்கு வருஷம் வரவில்லை.

"போ," என்றாள் பூவம்மா.

"நீ இழுப்பியா?"

"ஐஸ் பெட்டிய இழுத்தவ. கடையில நீதான சொன்ன?"

"அப்ப இப்ப என் எதிர்ல ஒரு தபா இழு. நான் போறேன்."

படியில் நின்ற ரசூல் பீவி குரலை உயர்த்தினாள்.

"இன்னாடா பரீட்ச வெக்கிற பெத்தவளுக்கு? மணி ஒண்ணு ஆவுது. மாடில காத்து ஆளையே தள்ளுது. நான் கூட கீறேன், போடா!"

அவன் போனான். தெருமுனையில் திரும்பிப் பார்த்தான். அவள் இடது கையை ஆட்டினாள்.

ரசூல் பீவி கதவைச் சாத்தினாள். "ஏன்மே இப்டி பொய் சொன்ன?"

"நீயுந்தான சொன்ன?"

"நான் உனக்காகச் சொன்னேன். கரண்ட் போனா யாரு இழுக்குறது?"

"போவாம இருந்தா?"

இழுக்க வேறு ஆளும் இல்லை. ப்ளாக்கில் பன்னிரண்டு வீடு. தண்ணீருக்குப் பயந்து கீழ்த்தளம் முழுக்க பள்ளிக்கூட முகாமுக்குப் போயிருந்தது. முதல் மாடி ஆண்கள் வேலைக்குப் போனவர்கள் திரும்பவில்லை. எதிர்வீட்டிலும் மேலே மற்ற வீடுகளிலும் பூட்டு.

*

நாலு பத்துக்குக் கரண்ட் போயிற்று.

ஆக்ஸிஜன் மெஷின் நீளமாக ஒரு முறை கத்தியது. பிறகு நின்றது. அந்த மெஷினின் இரைச்சல் இல்லாத வீடு பூவம்மாவுக்குப் பழக்கமில்லை. காற்று ஜன்னலைப் பிடித்து உலுக்கியது.

அவள் குழாயைச் சிலிண்டருக்கு மாற்றினாள். முள் நடுங்கி நின்றது. இரண்டரை மணி நேரம். அதற்கு மேல் இல்லை.

"போ," என்றார் குணசேகரன். "பதறாத."

மொட்டை மாடிக் கதவை இரண்டு பேர் சேர்ந்து தள்ளித் திறந்தார்கள். மழை சாய்வாக அடித்தது. தகரம் படபடத்தது. கட்டு தாங்கியது.

குழாய். சோக். சுவிட்ச். கயிறு.

வலது கையால் கைப்பிடியைப் பிடித்தாள். இழுத்தாள். கயிறு ஒரு முழம் வந்தது. தோளில் கத்தி இறங்கியது மாதிரி இருந்தது. கைப்பிடி கையை விட்டு உருவிக்கொண்டு உள்ளே போயிற்று.

"நான் இழுக்கறேன் உடு." ரசூல் பீவி இரண்டு கையாலும் இழுத்தாள். மெஷின் அசைந்தது. கயிறு வந்தது. வேகம் இல்லை. மூன்று முறை இழுத்துவிட்டு மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

இடது கை. தொட்டிச் சுவர் இடித்தது. முழங்கையை மடக்க இடமில்லை.

மெஷின் ஒரு முறை கூட இருமவில்லை.

பூவம்மா ஈரத் தரையில் உட்கார்ந்து அதைப் பார்த்தாள். கைய நம்பி ஓடுற மெஷின். இறால் கம்பெனி ஞாபகம் வந்தது. அறுபது கிலோ ஐஸ் பெட்டி. அதை யாரும் கையால் இழுத்ததில்லை. கையால் இழுத்தால் ஒரு வாரத்தில் கை போய்விடும். கயிற்றை இடுப்பில் கட்டி, பெட்டிக்கு முதுகைக் காட்டி, முன்னால் சாய்வார்கள். இழுத்தது இடுப்பு. அதை அவன் பார்த்ததில்லை. சொல்லித்தான் கேட்டிருக்கிறான்.

"பீவிக்கா, உன் துப்பட்டாவ குடு."

துப்பட்டாவை முறுக்கி இடுப்பைச் சுற்றிக் கட்டினாள். முடிச்சைக் கைப்பிடியில் கோத்தாள். மெஷினுக்கு முதுகைக் காட்டி நின்றாள்.

"நீ மெஷின் மேல கால வெச்சி மிதி. நகரக் கூடாது."

"உன்னிய இழுத்துத் தள்ளிடப் போது மே..."

"மிதி!"

முன்னால் சாய்ந்தாள். கயிறு மெல்ல வந்தது. எஞ்சின் ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. பெட்டி நகருகிற முதல் நொடிதான் கஷ்டம். அதற்குச் சாய்ந்தால் போதாது, பாய வேண்டும். கம்பெனியில் மேஸ்திரி அதற்குத்தான் கத்துவான்.

இரண்டாவது முறை பாய்ந்தாள். ஒரு இருமல். புகை.

"சோக்க பாதி வெய்யி!" என்று கத்தினாள். செங்குட்டுவன் சொன்னது. ரசூல் பீவி தள்ளினாள்.

மூன்றாவது முறை, கண்ணை மூடிக்கொண்டு, உடம்பு முழுவதையும் தூக்கி எறிந்தாள். பின்னால் எஞ்சின் வெடித்து ஓடியது. துப்பட்டா முடிச்சு கைப்பிடியிலிருந்து நழுவிவிட்டது. அவள் நிற்கவில்லை. எதிரே இருந்த கைப்பிடிச் சுவரில் வலது தோள் மோதியது.

உள்ளே மிச்சமிருந்ததும் அறுந்தது. அந்தச் சத்தம் அவளுக்குக் கேட்டது.

"ஓடுதுமே!" ரசூல் பீவி மழையில் சிரித்தாள். பிறகு அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள்.

*

கீழே மாடி ஒயரில் மாட்டிய ஆக்ஸிஜன் மெஷினில் பச்சை விளக்கு எரிந்தது. சிலிண்டரைச் சாத்தி, குழாயை மறுபடி அதற்கு மாற்றினாள். மெஷின் இரைந்தது. குணசேகரனின் விரலில் மாட்டிய கருவி தொண்ணூற்றிரண்டு காட்டியது.

"கப்பல்... கெளம்பிடுச்சி போல," என்றார்.

அவள் சிரித்தாள். வலது கை ஒட்டாமல் தொங்கியது. புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டாள்.

தாளின் முன் நின்றாள். எழுதாத பெட்டி கெட்டுப்போன பெட்டி. பேனாவை இடது கையில் எடுத்தாள். நேரம் நாலு ஐம்பது. பெட்ரோல் முழுசு. ஆயில் சரி. தொண்ணூற்றிரண்டு. முதல் வரிசையில் செங்கு என்பதை அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுதினாள். பூவம்மா. எழுத்துகள் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்தன. போட்டோ எடுத்து அனுப்பினாள்.

அனுப்பிய பிறகு நிம்மதியாக இருந்தது. அவன் பார்த்தால் நிம்மதியாக வேலை பார்ப்பான்.

பத்து நிமிஷத்தில் போன் அடித்தது.

"ஓடுதுடா," என்றாள். "நல்லா ஓடுது."

"பாத்தேன்." அவன் குரலுக்குப் பின்னால் குளிர்பெட்டிகளின் இரைச்சல். "ம்மா, இது யாரு எழுத்து?"

"என்னுதுதான்."

"உன் எழுத்து எனக்குத் தெரியாதா? இது எடது கை எழுத்து." 

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"வலது கைக்கி இன்னா ஆச்சி?"

"ஈரத்துல வழுக்கிட்டேன். சும்மா ஒரு அடி."

"எப்பலேர்ந்து?"

"இப்பதான்..."

"கடையில ஏன் இழுக்கல? மாடில ஏன் இழுக்கல? தெருவுல நான் போறப்ப எந்தக் கைய ஆட்டுன?" அவன் குரல் உடைந்தது. "எப்பலேர்ந்துமா?"

கட்டிலில் குணசேகரன் தலையைத் திருப்பியிருந்தார். அவர் கண் புடவைத் தலைப்பின் மேல் இருந்தது. மூடியதற்குள் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. எப்போதிலிருந்து என்றும் தெரிந்துவிட்டது. குளியலறைப் பக்கம் ஒரு முறை பார்த்தார்.

"ஐப்பசி," என்றாள் பூவம்மா.

காற்று கதவை அறைந்தது.

"எட்டு அம்பதுக்கு டாங்கு காலி ஆவும். அப்ப யாரு இழுப்பா?"

"பீவிக்கா கீது."

"பொய் சொல்லாத. நான் வரேன்."

"வராதடா. கேட்ட மூடிட்டாங்கனு நீதான சொன்ன? ரோட்டுல தண்ணி. ஞானதுரை கையெழுத்து..."

"நான் வரேன்னு சொல்றேன்ல!"

"டேய், கப்பலு—"

லைன் அறுந்தது. மறுபடி போட்டாள். டவர் இல்லை. மறுபடி போட்டாள்.

மாடியில் எஞ்சின் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. மணி ஐந்து பத்து. இருட்டிக்கொண்டு வந்தது.

அவள் தாளின் முன் போய் நின்றாள். இரண்டாவது வரிசையில் அவன் பெயர் இருந்தது. அடிப்பதற்காகப் பேனாவைத் தாளில் வைத்தாள். வலது கையை ஒரு முறை உயர்த்திப் பார்த்தாள். அது இடுப்பை விட்டு எழவில்லை.

பேனாவை மூடி வைத்தாள். பெயரை அடிக்கவில்லை.